கேள்விகளால் களைத்தவர்களிடம் கேட்பது
(லாச்சப்பலில் நேர்காணல் எடுப்பது குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பாரிஸ் லாச்சப்பலில், செய்தியாளர் கைபேசியில் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நேர்காணல் தொடங்கிவிடுகிறது. தொடக்கி வைப்பவர் எதிரே இருப்பவர். "தம்பி, ஊரிலை எவடம்?" என்பது முதல் கேள்வி. ஊரைச் சொன்னால், "அங்கை எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தையடியோ?" என்று அடுத்தது வரும். பிறகு, "எந்தப் பேப்பர்? ஆர் நடத்தினம்?" இந்தச் சில கேள்விகளிலேயே வந்தவரின் குடும்பம், சாதி, அரசியல் சாய்வு எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று எதிரே இருப்பவர் முடிவெடுப்பது அதன் பிறகுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் செய்தியாளர் இதை நலவிசாரிப்பு என்று எண்ணிச் சிரித்துக் கடந்துவிடுவதுண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு அதன் உட்பொருள் தெரியும். தெரிவதாலேயே பதில் சொல்லத் தயங்குவார்.

தயங்கத் தேவையில்லை. தான் யார், எந்த இதழுக்கு எழுதுகிறார், அந்த இதழுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எழுதியது எங்கே, எப்போது அச்சாகும் என்பதையெல்லாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஊரைக் கேட்டால் ஊரைச் சொல்லலாம். சாதியை நோக்கிக் கேள்வி நகர்ந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். கேட்க வந்தவர் தன்னைப் பற்றிக் கேட்கப்படுவதற்கு ஒப்புக்கொள்வதுதான் இந்தத் தெருக்களின் முதல் மரியாதை.

தெருக்கள் என்றால் பரப்பில் சிறியவை. கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறமிருந்து, இரண்டாம் எண் மெட்ரோ மேம்பாலத்தில் ஓடும் லாச்சப்பல் நிலையம் வரை நடந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஃபோபூர் சாந்த்தெனித் தெருவின் மேற்பகுதி, அதிலிருந்து பிரியும் கய் தெரு, பெர்தொனே தெரு. இலங்கையில் நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் இங்கே புடவைக் கடையும் நகைக்கடையும் பலசரக்குக் கடையும் முடிதிருத்தகமும் வைத்தார்கள். 1985-இல் மாணிக்க விநாயகர் ஆலயம் வந்தது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர் இந்தத் தெருக்களில் இறங்கும்போது தேங்காய்கள் குவியல் குவியலாக உடையும், பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் கேமராக்களும் வரும். அன்றைக்கு எடுக்கப்படும் பேட்டிகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்பவை: இந்த விழாவில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி? பதிலும் ஒன்றாகவே இருக்கும்.

நேர்காணல் குறித்து இதழியல் பள்ளிகள் சொல்லித்தருபவை எல்லாம் சரியானவை. முன்கூட்டியே படித்துவிட்டுப் போ. ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேள். குறுக்கே பேசாதே. சொன்னதைச் சரிபார். ஆனால் லாச்சப்பலில் இவற்றுக்கு முன்னால் நிற்கும் ஓர் உண்மையைப் பள்ளிகள் சொல்வதில்லை. இங்குள்ள முதல் தலைமுறையில் மிகப் பலர், செய்தியாளர் வருவதற்கு முன்பே தங்கள் வாழ்வின் மிகப் பெரிய நேர்காணலைக் கொடுத்து முடித்தவர்கள். அதை எடுத்தது ஒஃப்ரா.

அகதிகளையும் நாடற்றவர்களையும் பாதுகாப்பதற்காக 1952-இல் உருவான பிரெஞ்சு அரசு அலுவலகம் அது. பாரிஸை ஒட்டிய ஃபோந்தனே சூ புவாவில் இயங்குகிறது. தஞ்சம் கோருபவர் தன் கதையைப் பிரெஞ்சு மொழியில் எழுதி, விண்ணப்பத்துடன் 21 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வந்திறங்கிய கையோடு பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர் யார்? எனவே இன்னொருவர் எழுதித் தருகிறார். "கேஸ் எழுதுறது" என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த காரியம். பிறகு அழைப்பு வரும். ஒரு சிறிய அறை, எதிரே ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி கேட்டபடியே கணினியில் தட்டிக்கொண்டிருப்பார். எந்தத் தேதி? எந்த முகாம்? வீட்டிலிருந்து அந்தச் சந்திக்கு எவ்வளவு தூரம்? எழுதிக் கொடுத்ததில் மே என்று இருக்கிறது, இப்போது ஜூன் என்கிறீர்களே? மறுத்துவிட்டால் மோந்த்ரெயிலுள்ள தஞ்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அங்கேயும் அதே கதை, அதே தேதிகள்.

இதைக் கடந்து வந்தவருக்குக் கேள்வி என்பதே வேறொரு பொருள். தேதி தவறினால் வாழ்க்கை தவறும் என்று அவர் கற்றிருக்கிறார். எழுதிக் கொடுத்ததும் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பலர் தங்கள் கதையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியாளர் வந்து, "எந்த வருசம் வெளிக்கிட்டனீங்கள்? எந்த வழியாலை வந்தனீங்கள்?" என்று தொடங்கினால், அந்தப் பழைய மனப்பாடம் தானாகவே ஓடத் தொடங்குகிறது. செய்தியாளர் ஆர்வத்தோடு குறித்துக்கொள்கிறார். அவருக்குக் கிடைப்பது அதிகாரிக்காகத் தயாரிக்கப்பட்ட கதையின் மறுபதிப்பு. அதில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதிகாரி கேட்காத எதுவும் அதில் இருக்காது. துன்புறுத்தல் இருக்கும், பயணம் இருக்கும். தாயிடம் விடைபெற்றபோது வீட்டில் என்ன சமைத்திருந்தது, வந்த முதல் மாதம் யார் கடன் கொடுத்தார், அந்தக் கடன் எப்படி முடிந்தது, சகோதரிக்குச் சீதனம் சேர்க்க எத்தனை வருடம் தட்டுக் கழுவினார் என்பவை இருக்கமாட்டா. ஒரு சமூகத்தின் வரலாறு இந்த இரண்டாவது வகைச் செய்திகளில்தான் கிடக்கிறது.

அதனால் இங்கே நேர்காணலைத் தேதியிலிருந்து தொடங்கக் கூடாது. நாட்டைவிட்டு வெளியேறிய கதையிலிருந்தும் தொடங்கக் கூடாது. வேலையிலிருந்து தொடங்கலாம். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் தமிழர்கள் நிறைய. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து இரவுச் சாப்பாட்டு நேரம் தொடங்குவதற்கு இடையே அவர்களுக்குச் சில மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் ஒரு தேநீரோடு, வெங்காயம் வெட்டுவதில் தொடங்கி முதன்மைச் சமையல்காரர் ஆனது எப்படி என்று கேட்டால், அவர் அந்தத் துறையின் வல்லுநராகப் பேசுவார். கேள்விக்கு அஞ்சியவர் கற்பிப்பவராக மாறும்போது குரலே மாறிவிடும். அந்தக் குரலில் தானாக வந்து விழும் ஊர்க்கதைக்கு, நேரடியாகக் கேட்டு வாங்கியதைவிட மதிப்பு அதிகம்.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. 1980-களில் அமெரிக்க உளவியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கெய்சல்மன் இருவரும் குற்றச் சாட்சிகளை விசாரிக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். சம்பவம் நடந்த இடத்தையும் சூழலையும் மனத்தில் திரும்ப எழுப்பச் சொல்வது, அற்பமாகத் தோன்றுவதையும் சொல்லச் சொல்வது, குறுக்கிடாமல் விடுவது, பின்பு வேறு வரிசையில் சொல்லச் சொல்வது ஆகியவை அதன் அடிப்படைகள். எதிரெதிர்க் கேள்விகளால் நெருக்குவதைவிட இதில் அதிகச் செய்தி கிடைக்கிறது என்று பின்வந்த சோதனைகளும் காட்டின. இதற்கு முன்பே 1974-இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டபோது சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்று பதில் கிடைத்தது. "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டபோது 31.8 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "நொறுங்கியபோது" என்ற சொல்லோடு கேள்வி கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

"உங்களை இயக்கம் கட்டாயப்படுத்திச் சேர்த்ததா?" என்று ஒருவரும், "தமிழினத்துக்காக எவ்வளவு தியாகம் செய்தீர்கள்?" என்று இன்னொருவரும் கேட்கும்போது இதுதான் நடக்கிறது. இரண்டு செய்தியாளர்களும் தங்கள் கட்டுரையைக் கேள்விக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டார்கள். "அந்த நாள் காலையிலை வீட்டிலை ஆர் ஆர் நிண்டவை?" என்று கேட்டால் எந்தப் பக்கத்துக்கும் சாயாத ஒரு பதில் வர வழியிருக்கிறது.

மௌனம் பற்றிப் பேசாமல் லாச்சப்பலைப் பற்றிப் பேச முடியாது. மாற்றுக் கருத்தாளரும் பதிப்பாளருமான சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளின் ஆதரவு ஏடான ஈழமுரசின் ஆசிரியர் கஜன், நாதன் என்பவருடன் 1996 அக்டோபர் 26 அன்று அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சபாலிங்கமும் கஜனும் எதிரெதிர்த் தரப்பினர், இருவரும் அச்சுக் காகிதத்தோடு தொடர்புடையவர்கள். எழுத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் இந்தத் தெருக்களில் நடமாடுகிறது. "எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி" என்று ஒருவர் சொன்னால் அதை ஒத்துழையாமை என்று கட்டுரையில் எழுதுவது அநியாயம். அவர் மறுக்கிறார், மறுக்க அவருக்கு உரிமையும் காரணமும் இருக்கின்றன. ஒஃப்ரா அறையில் அவருக்கு இல்லாதிருந்த உரிமை அது. செய்தியாளர் அதை வாயால் சொல்லியே கொடுக்க வேண்டும்: விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம், சொன்ன பிறகும் இதைப் போடாதே என்று சொல்லலாம்.

மௌனத்தை உடைக்காமல் காத்திருந்த ஒரு நேர்காணலைப் பிரான்ஸ் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. பெர்னார் பீவோவின் 'அப்போஸ்த்ரோஃப்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வழக்கமாகப் பல எழுத்தாளர்கள் சேர்ந்து அமர்வார்கள். 1984 செப்டம்பர் 28 அன்று எதிரே ஒருவர் மட்டும், எழுத்தாளர் மார்கரித் துராஸ். அவர் நடுவில் நிறுத்துவார், நீண்ட நேரம் யோசிப்பார். நேரலைத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நொடியும் கனக்கும். பீவோ அந்த இடைவெளிகளைக் கேள்வியால் நிரப்ப ஓடவில்லை. மதுப்பழக்கம் பற்றித் துராஸ் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன்.

இனி மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சுச் செய்தியாளர் ஒருவர் தமிழரைச் சந்திக்கையில் நடுவில் மூன்றாம் ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆள் கண்ணாடிபோல் இருக்கிறார் என்று கற்பனை செய்வது வசதியானது, ஆனால் தவறு. கொல்கத்தாவில் பிறந்து பாரிஸில் வாழும் எழுத்தாளர் சுமனா சின்ஹா ஒஃப்ராவில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர். தஞ்சம் கோருபவர்களின் கதைகளுக்கும் அதிகாரிகளின் சந்தேகத்துக்கும் நடுவே அமர்ந்து தனக்குள் திரண்ட கோபத்தை 2011-இல் ஒரு நாவலாக எழுதினார். வேலை போயிற்று. 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை வென்ற, ழாக் ஓதியாரின் 'தீபன்' படத்திலும் தஞ்ச நேர்காணல் காட்சியின் உயிர் மொழிபெயர்ப்பாளரிடம்தான் இருக்கிறது. க்ளோத் லான்ஸ்மனின் 'ஷோவா', நாஜிகளின் யூதப் படுகொலை பற்றி ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஆவணப்படம். அதில் மொழிபெயர்ப்பாளர்களின் குரலை அவர் வெட்டவில்லை. கேள்வி பிரெஞ்சில் போகிறது, போலிஷ் மொழியில் மாறுகிறது, பதில் திரும்பி வருகிறது. பார்ப்பவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேர்மையானது, ஏனென்றால் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதை அது மறைக்கவில்லை.

அச்சு இதழிலும் இதைச் செய்யலாம். "மகள் மொழிபெயர்த்தார்" என்று ஒரு வரி போதும். அந்த வரி வாசகருக்கு நிறையச் சொல்லும். பிள்ளைகள் பெற்றோருக்காக வங்கியிலும் மருத்துவரிடமும் பேசிப் பழகியவர்கள் என்பதால் அவர்களையே நேர்காணலுக்கும் உட்கார வைப்பது லாச்சப்பலில் வழக்கம். ஆனால் ஒரு தாய் தன் மகளின் வாய்வழியே தன் சிறை அனுபவத்தைச் சொல்லமாட்டார். சொன்னாலும் மகள் அதைக் குறைத்துச் சொல்வாள். அந்தச் சுமையை ஒரு பிள்ளையின் தலையில் வைக்கும் உரிமை எந்த இதழுக்கும் இல்லை.

லான்ஸ்மனின் படத்தில் மிகவும் விவாதிக்கப்பட்ட இடம் இன்னொன்று. திரெப்ளிங்கா நாஜி மரண முகாமில் கொல்லப்படவிருந்த பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்ட ஆப்ரகாம் பொம்பாவை, இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தில் கத்தரிக்கோலும் கையுமாக நிறுத்திப் பேச வைக்கிறார். கை வேலை செய்யச் செய்ய நினைவு எழுகிறது. ஒரு கட்டத்தில் பொம்பா நின்றுவிடுகிறார், முடியாது என்கிறார். லான்ஸ்மன் தொடர வேண்டும் என்று வற்புறுத்துகிறார். உலகம் அந்தச் சாட்சியத்தைப் பெற்றது. ஆனாலும் அன்றாட இதழியலுக்கு அது முன்மாதிரி ஆகாது. பல ஆண்டுகள் உழைத்த ஒரு வரலாற்றுப் பணியில், ஒருவருக்கொருவர் அறிந்த இருவருக்கு இடையே நடந்தது அது. அடுத்த வாரப் பக்கத்தை நிரப்ப வந்தவர் அழுகையைக் கண்டதும் கேமராவை நெருக்குவது வேறு காரியம். கையில் தொழில் இருக்கும்போது பேச்சு வரும் என்பதை லான்ஸ்மனிடம் கற்றுக்கொள்ளலாம். போதும் என்று சொன்னால் போதும்.

அதிகாரமுள்ளவர்களிடம் நிலைமை தலைகீழ். இத்தாலியச் செய்தியாளர் ஒரியானா ஃபல்லாச்சி 1972 நவம்பரில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சரைச் சந்தித்தார். தன்னந்தனியாகக் குதிரையில் முன்செல்லும் கௌபாயோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுக்கு அவரைப் பேச வைத்தார். கிசிஞ்சர் பின்னாளில் அந்தச் சந்திப்பை எண்ணி எழுத்திலேயே வருந்தினார். இதற்கு நேர்மாறான சூழல் 2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் இருந்தது. நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் முன் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் அமர்ந்தார், அன்ரன் பாலசிங்கம் மொழிபெயர்த்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். பதிலிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வியைக் கேட்க இடமில்லை. நேர்காணலின் உயிர் அந்த இரண்டாவது கேள்வியில் இருப்பதால், அதிகாரம் எப்போதும் கூட்டத்தையே விரும்புகிறது.

லாச்சப்பலிலும் அதிகாரம் உண்டு. கோயில் நிர்வாகிகள், சங்கத் தலைவர்கள், நிதி சேர்த்தவர்கள், தேர்தல் நேரத்தில் வரும் பிரெஞ்சு அரசியலாளர்கள். இவர்களிடம் தேதி கேட்க வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும், முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒஃப்ரா அதிகாரியின் கூர்மை இங்கே தேவை. தமிழ் ஏடுகளில் பெரும்பாலும் இது மாறிக் கிடக்கிறது: எளியவரிடம் குறுக்கு விசாரணை, தலைவரிடம் "தங்கள் சேவை பற்றி" என்ற வேண்டுகோள். இதை மாற்றினாலே பாதி நோய் தீரும்.

அச்சுக்குப் போகும் முன் படித்துக் காட்டலாமா என்பதிலும் இதே அளவுகோல் பொருந்தும். 1953-இல் பாரிஸில் தொடங்கிய 'பாரிஸ் ரிவ்யூ' இதழ், ஈ. எம். ஃபார்ஸ்டரிலிருந்து தொடங்கிய தன் எழுத்தாளர் நேர்காணல்களை எழுத்தாளர்களே திருத்த விட்டது. ஆரம்ப நாட்களில் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் இருவர் இருவராகப் போய்க் கையால் எழுதி ஒப்பிட்டுக்கொண்டார்கள். இலக்கியத்துக்கு அது நன்மையே செய்தது. ஆனால் பிரெஞ்சு அரசியலாளர்களும் அச்சுக்கு முன் படித்துத் திருத்துவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். லில் நகரின் 'லா வுவா து நோர்' நாளேடு 2018 ஜனவரியில் இனி அதற்கு இணங்குவதில்லை என்று அறிவித்தது. அமைச்சருக்கு மறுத்தது சரி. தட்டுக் கழுவுபவருக்குப் படித்துக் காட்டுவதும் சரி. ஊரில் இன்னும் தாயோ தம்பியோ இருக்கும் ஒருவருக்கு, எந்த வரி ஆபத்து என்று செய்தியாளரைவிட நன்றாகத் தெரியும். ஒஃப்ராவிடம் சொன்னது சட்டப்படி இரகசியம், இதழில் வந்ததை யாரும் படிக்கலாம். வழக்கு நிலுவையில் உள்ளவரின் பேட்டியில் ஒரு தேதி மாறினாலும் அது அவருக்கே எதிராகப் போய்விடக்கூடும்.

நீண்ட உரையாடலுக்குத் தமிழில் நல்ல முன்னோடி உண்டு. நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை நடத்திய 'சுபமங்களா' இதழ், எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் பக்கம் பக்கமாகப் பேச வைத்தது. உடன்பாடில்லாத கேள்விகளும் அதில் இருந்தன, அவற்றுக்கு இடம்கொடுத்துப் பதிலும் அச்சானது. பாரிஸில் வாழும் ஷோபாசக்தி, தானே பலரை நேர்கண்டு நூலாக்கியவர். 'தீபன்' படத்தில் நடித்த பிறகு உலக ஊடகங்கள் அவரைத் தேடி வந்தபோது, பல செய்திகளின் முகப்பில் நின்றது 'முன்னாள் சிறுவர் போராளி' என்ற அடையாளம். அதற்குள் 'கொரில்லா', 'ம்' என்ற நாவல்களை வெளியிட்டு ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்தாளரிடம் அவருடைய வாக்கியங்களைப் பற்றிக் கேட்க, அவற்றைப் படித்திருக்க வேண்டும். படிக்காதவருக்குக் கையில் இருக்கும் ஒரே கேள்வி துப்பாக்கி பற்றியது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனிப்பட்ட பேச்சை ஒருவரின் சம்மதமின்றிப் பதிவு செய்வது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 226-1 பிரிவில் குற்றம். ஓராண்டுச் சிறை, 45,000 யூரோ அபராதம். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்பவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். செய்தியாளருக்குச் சட்டக் காப்பும் உண்டு: பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1881 ஜூலை 29-இல் வந்தது. செய்தி மூலங்களைக் காக்கும் சட்டம் 2010 ஜனவரியில் சேர்ந்தது. 2015 ஜூலை 29-இல் வந்த தஞ்சச் சட்டத்துக்குப் பிறகு, ஒஃப்ரா நேர்காணலிலேயே வழக்கறிஞரோ சங்கப் பிரதிநிதியோ கூட இருக்கலாம், பேச்சு ஒலிப்பதிவும் ஆகிறது. அரசு அதிகாரியே கேட்கப்படுபவருக்குத் துணையை அனுமதிக்கும்போது, "அக்காவைத் தனியாகக் கதைக்க விடுங்கோ" என்று கூட இருப்பவரை எழுப்பி அனுப்பும் செய்தியாளர் யோசிக்க வேண்டும். யார் கூட இருக்க வேண்டும், யார் இருக்கக் கூடாது என்பதை அந்த அக்காவே முடிவு செய்யட்டும்.

1980-களில் இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். அவர்களைவிட மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதழில் அச்சாகும் பேட்டி இரண்டு பக்கம், பதிவு மூன்று மணி நேரம். மீதி கைபேசி மாறும்போது அழிகிறது. பிரெஞ்சு வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளைக் காக்க ஈனா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்க 2005 முதல் நூலகம் நிறுவனம் உழைத்துவருகிறது. பாரிஸ் தமிழ் ஏடுகளும் வானொலிகளும் தங்கள் முழுப் பதிவுகளை இப்படிப்பட்ட ஓரிடத்தில் வைக்க ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் பேசியவர் கையொப்பமிட்ட ஒரு தாள் இருக்க வேண்டும்: பெயர் போடலாமா, எப்போது திறக்கலாம், 20 ஆண்டு கழித்தா, தன் காலத்துக்குப் பிறகா, எந்தப் பகுதியை ஒருபோதும் திறக்கக் கூடாது. வாய்மொழி வரலாறு சேகரிப்போர் உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தாளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, லாச்சப்பலில் நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவர் பையிலும் வைப்பதற்கு இந்த அறக்கட்டளையே முதல் அச்சுச் செலவை ஏற்கலாம்.